ஏழு தண்ணி

வேலாயிக்குப் பிடரியில் பிடித்த வலி தோளுக்கு இறங்கி முழங்கை வரைக்கும் வந்து நின்றது. முப்பத்திரண்டு வருசமாகக் கூடைக் கயிறு தலையை அழுத்தி, உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு மயிர் முளைப்பதே நின்றுபோயிருந்தது. அது பழைய வலி. அதோடு சண்டை போடுவதை அவள் விட்டு வெகுகாலம். இப்போது உடம்பை முறித்தது வேறு. இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை.

லயத்து வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் அவளுக்குக் கொஞ்சம் மரக்கறி நிலம் இருந்தது. போஞ்சியும் மரவள்ளியும் போட்டிருந்தாள். பகல் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து. இருட்டினால் தகரத்தைத் தட்டிக்கொண்டு பன்றி விரட்ட வேண்டும். புருசன் இருளப்பன் போய்ச் சேர்ந்து ஆறு வருசமாகிறது. தகரம் தட்ட வீட்டில் வேறு கையில்லை. அவள் கண்ணசந்த இரவுகளில் பன்றி வந்து ஒரு பாத்தியை உழுது போட்டுவிட்டுப் போகும்.

முன்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டது அவள் வளர்த்த பெட்டை நாய். ஐந்து குட்டி போட்டு ஐந்தாவது வாரம், ஓடைப் பக்கம் போன அதைச் சிறுத்தை இழுத்துக்கொண்டு போனது. குட்டிகளாவது மிஞ்சியதே என்று இருந்தவளிடம், இருளப்பனின் தம்பி கறுப்பையா ஒரு சாயந்தரம் வந்தான். அன்று காலையில்தான் அவன் தன் சொந்த நாயைப் புதைத்திருந்தான். இரத்தமாக வயிற்றால் போய்ச் செத்த நாய். அந்தத் துக்கத்தில் ஐந்து குட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, முகத்தோடு வைத்துக் கொஞ்சினான். வேலாயிக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது. வேணாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொழுந்தன், அழுதுகொண்டு வந்திருக்கிறான், எப்படிச் சொல்வது? ஏழாம் நாள் தொடங்கி நாலு குட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக அதே மாதிரி போயின.

மிஞ்சியது ஒன்று. வெள்ளை மார்பு, செம்பட்டை முதுகு. அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தாள். தோட்டத்துக் கங்காணி ஆட்களைப் பார்க்கிற மாதிரி நிலத்தைக் காவல் பார்க்கப் போகிறவன் என்பதால்.

ஹுன்னஸ்கிரிய டவுன் மண்டபத்தில் மிருக வைத்தியர்கள் வந்து ஒரு நாள் ஊசி போட்டார்கள். யசோதா என்று ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் கங்காணியைப் பார்த்தாள். கதையைக் கேட்டுவிட்டு வேலாயியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“இங்க பாருங்கோ அம்மா, ஒரு ஊசி காணாது. மூண்டு கிழமையில கண்டிக்கு என்ர இடத்துக்குக் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு மூண்டாவது. எல்லாம் முடியும்வரைக்கும் வெளியில நிலத்தில விடாதேங்கோ. ஆரையும் தொட விடாதேங்கோ. நாய் வச்சிருக்கிற ஆக்களின்ர கையிலதான் இந்த வருத்தம் வாறது. கொஞ்ச வாற கை எல்லாம் அன்பான கைதான். ஆனா குட்டி செத்துப்போம்.”

வேலாயி அதை மறக்கவில்லை. மண்டபத்திலிருந்து வந்த அன்றே, குட்டிகள் கிடந்த சாக்கைக் கொளுத்தினாள். இரண்டு நாள் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாள். கறுப்பையா வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்குகிற மாதிரி கிடந்தாள். அப்போதும் வேணாம் என்று வாயால் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் லீவு கேட்டாள்.

“நாளைக்கு வரமாட்டேங்க. கங்காணிக்கு ஊசி போடணும்.”

கொழுந்துக்காரிகள் அப்படியே சிரித்துச் சரிந்தார்கள். பேர் எழுதிக்கொண்டிருந்த கங்காணி இராமையா நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் கங்காணிக்கு வேலாயி?” என்றாள் மூக்காயி. “போறதுதான் போற, இந்தக் கங்காணிக்கும் சேத்து ஒண்ணு போட்டுட்டு வா. வாய் கொஞ்சம் அடங்கும்.”

“நாளைக்கு ஒம் பேரு இல்ல, ஞாபகம் வச்சுக்க,” என்றார் இராமையா. ஒரு நாள் சம்பளம் போகும் என்பதுதான் அதற்குப் பொருள். வேலாயி தலையாட்டிவிட்டு மலைக்கு ஏறினாள்.

மறுநாள் காலையில், குட்டியை எதில் கொண்டுபோவது என்று அவள் யோசிக்கவே இல்லை. கொழுந்துக் கூடைதான். அடியில் துவைத்த சாக்கு, அதன் மேல் கங்காணி, அவனுக்கு மேலே, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி. கயிற்றை உச்சியில் மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டாள். பதினெட்டு வயதிலிருந்து விறகு, அரிசி, சீனி, ஒரு தரம் காய்ச்சல்கண்ட நாத்தனார் பிள்ளை, எல்லாம் அப்படித்தான் அவளோடு போய் வந்தன. சுமை என்றால் முதுகு. வேறு இடம் அவளுக்குத் தெரியாது.

தப்பு அங்கேதான் நடந்தது.

மஹியங்கனையிலிருந்து வந்த பஸ் நிரம்பி வழிந்தது. பல்லேகலயில் அன்றைக்கு கிரிக்கெட் மெச். நீலச் சட்டை போட்ட பையன்கள் கொடியும் ஊதுகுழலுமாக நின்றார்கள். வேலாயி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து நின்றாள். கூடை பின்னால் இருந்தது. கொழுந்து எடுக்கிறவள் கூடைக்குள் ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை. கை பின்னால் போகும், கொழுந்து விழும், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது பாரம் கூடினால் மட்டும் தெரியும்.

பஸ் நாலைந்து வளைவு இறங்கியிருக்கும். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மெச் கூத்து என்று இருந்தாள். அப்புறம் கூடை ஆடியது. “அனே, லஸ்ஸன பலு பெட்டியா!” என்று ஒரு பையன் குழைந்தான். அழகான நாய்க்குட்டி என்பது அவளுக்கு விளங்கிய அதே நேரத்தில் முதுகு குளிர்ந்தது.

கயிற்றைத் தலையிலிருந்து உருவி, கூடையைச் சுற்றி முன்னால் இழுத்தாள். படங்குத் துணி விலகியிருந்தது. கங்காணி தலையை நீட்டிக்கொண்டு, மீசையில் மாலுபணிஸ் என்கிற மீன் பன்னின் துகளோடு நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவன் கையில் பாதி பணிஸ், மற்றவன் கையில் போன்.

“அல்லன்ட எபா!” என்றாள். தொடாதே என்று இவ்வளவு சத்தமாக அவள் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

“ஒண்ணுமில்ல அம்மே,” என்றான் பணிஸ்காரன், உடைந்த தமிழில். “நம்ம வீட்டுல இருக்கு, இதே மாதிரி ரெண்டு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கூடையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு நாய். யார் கண்டது, அதில் ஒன்று நேற்று என்ன கக்கியதோ?

“கடிக்கும்,” என்றாள்.

கங்காணி அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டான். அரிசி மாதிரி நாலு பல். பஸ் பின்பக்கம் முழுக்கச் சிரித்தது. ஒரு சிங்கள நோனா எட்டி வந்து காதைத் தடவப் பார்த்தாள். வேலாயிக்கு வேறு பொய் கிடைக்கவில்லை.

“படை இருக்கு, படை! தொட்டா ஒட்டிக்கிரும்!”

கைகள் எல்லாம் சட்டென்று பின்வாங்கின. அட, இவ்வளவுதானா என்று அவளுக்கு ஒரு நிம்மதி. நிம்மதி அரை நிமிசம்கூட நிற்கவில்லை. கண்டக்டர் ஆட்களைப் பிளந்துகொண்டு வந்தான்.

“நோய் நாயா? பஸ்ஸுல ஏத்தினது யாரு? அம்மே, தெல்தெனியவில எறங்கு.”

“இல்ல தம்பி, நோயில்ல. சும்மா சொன்னேன்.”

“இருக்குன்னு நீதானே சொன்ன?”

“பொய் சொன்னேன் தம்பி. தொட்டா செத்துரும், அதுக்காகச் சொன்னேன். ஊசி போடத்தான் போறேன்.” இடுப்பிலிருந்து டொக்டர் எழுதிக்கொடுத்த அட்டையை எடுத்து நீட்டினாள். இடத்தை விட்டு அசையவில்லை. “எறங்க மாட்டேன். இன்னைக்குப் போடணும்னு திகதி போட்டிருக்கு.”

கண்டக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்தான். இரண்டு தரம் பார்த்தான். “இனிமேல் அது தலைய வெளிய நீட்டினா நீங்க ரெண்டு பேரும் வெளிய,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தெல்தெனியவில் ஒரு இருக்கை காலியானது. வேலாயி பாய்ந்துபோய் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தாள். ஜன்னலோரம் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். காலடியில் ஒரு பெரிய துணி மூட்டை. கூடைக்குள் எட்டிப் பார்த்தவள், ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள்.

“எண்ட அல்லாவே! நாயா அக்கா?”

“குட்டிதான்மா. ஒண்ணும் செய்யாது.”

“அது செய்ற இல்ல பிரச்சின. கொஞ்சம் அங்கால வெய்ங்க அக்கா, கோவிக்க வேணாம். நாய்ட ஈரம் பட்டா எங்களுக்கு ஏழு தரம் கழுவோணும். அதுல ஒரு தரம் மண்ணு போட்டு. இந்த மூட்டைல முப்பது ஸ்கூல் சட்ட இரிக்கி, எல்லாம் வெள்ள.”

வேலாயி கூடையை மற்றத் தொடைக்கு நகர்த்தினாள். கொஞ்ச நேரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சிரித்துவிட்டாள்.

“என்னக்கா சிரிக்கிறீங்க?”

“இந்த பஸ்ஸுலயே நீங்க ஒரு ஆளுதாம்மா இவனத் தொட மாட்டீங்க. இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?”

அந்தப் பெண்ணும் சிரித்தாள். றமீஸா என்று பேர் சொன்னாள். தெல்தெனியப் பக்கம் வீட்டில் மெசின் வைத்துப் பாடசாலைச் சட்டை தைக்கிறவள். புதன்கிழமை தோறும் கண்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். இனி வேலாயிக்கு மறைக்க ஒன்றுமில்லை. கறுப்பையா, நாலு குட்டி, பன்றி, தகரம், தூக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கம் என்ற இடத்தில் றமீஸா திரும்பிப் பார்த்தாள்.

“நானும் ராவு ரெண்டு மணி மட்டும் மெசின் மிதிக்கிறவதான் அக்கா. ஒறக்கம் எண்டா என்னண்டு எனக்குத் தெரியும்.”

“அதுக்குத்தாம்மா இவன். இவன் கொலைக்க ஆரம்பிச்சுட்டா நான் கண்ண மூடலாம்.”

“அப்ப ஏன் பொய் சொல்றீங்க? கடிக்கும், படை எண்டு?”

“வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்கிப் போகுதேம்மா. பாக்க முடியல.”

“மூஞ்சியப் பாக்க வேணாம். நான் வெள்ளத் துணி யாவாரம். வீட்டுக்குச் சட்ட பாக்க வாறவங்க எல்லாம் தொட்டுத்தான் பாப்பாங்க, ஐஸ்கிரீம் திண்ட கையால. நான் கையத்தான் பாக்கிற. கை வந்தா, ‘தொட வேணாம்’. அவ்வளவுதான். ‘மன்னிச்சுக்கங்க’, ‘கோவிச்சுக்காதீங்க’ ஒண்டும் சொல்ற இல்ல. நம்மட சாமான்.”

திகன கடந்தது. ஒரு நடுத்தர வயசுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பி, “ஆ, சுட்டி!” என்று விரலை நீட்டினார். வேலாயி விரலை மட்டும் பார்த்தாள். மஞ்சள் படிந்த நகம்.

“தொட வேணாங்க.”

“ஏன்?”

“ஊசி முடியல. தொட்டா நோய் வரும்.”

“ஆ, அப்படியா,” என்று அவர் விரலை மடக்கிக்கொண்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. றமீஸா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

பல்லேகல நெருங்கியபோது பையன்கள் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து கதவுப் பக்கம் தள்ளினார்கள். ஊதுகுழல் காதைக் கிழித்தது. குறுக்கே ஒரு முச்சக்கரவண்டி நுழைய, டிரைவர் பிரேக்கை மிதித்தான். நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். ஒருவனின் முழங்கால் கூடையில் இடித்தது. கூடை வேலாயியின் மடியிலிருந்து கவிழ்ந்தது.

கங்காணி உருண்டு நடைவழியில் விழப் போனான். கீழே சேறு மிதித்த நூறு செருப்பு. மேலே, “அனே! அனே!” என்று ஐந்தாறு கை ஒன்றாக நீண்டது. எல்லாம் அன்பான கை. வேலாயியின் இடது கை கவிழ்ந்த கூடைக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதே பணிஸ்காரப் பையனின் விரல்கள் குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டன.

அவனுக்கு முந்தி ஒரு கை போனது. றமீஸாவின் கை. காதையும் முதுகுத் தோலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

“தொட வேணாம்!” என்றாள் கண்ணைத் திறக்காமலே. “ஒருத்தரும் தொட வேணாம்!”

பையன்கள் இறங்கிப் போனார்கள். பஸ் கூட்டம் குறைந்து காற்றாடியது. வேலாயி கையை உருவி எடுத்து, கூடையை நிமிர்த்தி, சாக்கைப் போட்டுக் குட்டியை வாங்கிக்கொண்டாள். பயத்தில் கங்காணி றமீஸாவின் அபாயா முன்பக்கம் முழுக்க நனைத்திருந்தான். போதாதென்று மணிக்கட்டையும் நக்கி வைத்திருந்தான்.

றமீஸா கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, முதலில் காலடி மூட்டையைக் குனிந்து பார்த்தாள். அது நனையவில்லை.

“ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?” என்றாள் வேலாயி.

“வேற யாருட கை?” என்றாள் றமீஸா. மூச்சு இன்னும் வாங்கியது. “நீங்கதானே சொன்னீங்க, நாய் வெச்சிருக்கிற கை கூடாதெண்டு. எண்ட கை நாற்பது வருசமா ஒரு நாயத் தொட்டதில்ல.”

“ஒங்களுக்குத் தீட்டாப் போச்சே.”

“கழுவினாப் போகும் அக்கா. அதுக்குத்தானே வழி சொல்லி இரிக்கி. ஒங்கட குட்டி போனா எதப் போட்டுக் கழுவுற?”

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். வேலாயி கூடையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பொதுக்குழாயைத் தேடினாள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அதிலும் எட்டுப் பேர் வரிசை. சுற்றிலும் தார், எண்ணெய், வெற்றிலை எச்சில். சுத்தமான மண்ணுக்கு அங்கே எங்கே போவது?

“நான் அலசித் தாறேம்மா. ஏழு தண்ணியும் நானே விடுறேன். எங்கனாச்சும் ஒரு எடம் பாப்போம்.”

“கூடய யாரு புடிக்கிற? நானா?” றமீஸா சிரித்தாள். சிரிப்பு களைத்திருந்தது. “பத்து மணிக்குள்ள போகாட்டி கடைக்கார முதலாளி சட்டைய எடுக்க மாட்டாரு. நான் இப்படியே போறேன். மச்சிட வீடு பக்கத்துலதான், அங்க போய்க் கழுவிக்கிறேன். நீங்க ஊசியப் போடுங்க.”

“நான் தரணும்மா ஒங்களுக்கு.”

“தாங்க. புதன்கிழம பஸ்லதானே போவேன்.”

மூட்டையை ஒற்றைக் கையால் தலையில் ஏற்றி, நக்கிய கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு, அவள் கூட்டத்தில் போனாள். ஆட்கள் அவள் முன்பக்க ஈரத்தைப் பார்த்து விலகினார்கள். வேலாயி அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டர் யசோதாவின் இடம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டு. முன்னறையில் வாங்கு போட்டிருந்தது. அதில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, காற்சட்டை, பொக்கெட்டில் இரண்டு பேனை. வேலாயி உள்ளே வந்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

“வாங்கம்மா, வாங்க. எந்தத் தோட்டம்? அட, யாரு இது! குடுங்க பாப்போம்.”

“ஹுன்னஸ்கிரிய பக்கங்க. தொட வேணாங்க ஐயா.”

“எனக்குப் பழக்கம்மா. நான் வீரசிங்கம், முனிசிப்பல்ல சீஃப் கிளாக்கா இருந்து பென்சன் வாங்கினவன். வீட்டுல நாலு நாய் இருக்கு. நாய்னா எனக்கு உசிரு.”

“அதனாலதாங்க ஐயா தொட வேணாம்.”

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கத் தேவையில்லை என்று நினைக்கிற மாதிரி எழுந்து வந்தார். வேலாயி முப்பது வருசமாக இந்த மாதிரிக் காற்சட்டைக்காரர்கள் வந்தால் வழிவிட்டு ஓரமாக நின்றவள். அவர்கள் கொழுந்தைக் கிளறினால் கிளறட்டும், கூடையைக் கவிழ்த்தால் கவிழ்க்கட்டும். கால் தானாக ஓரம் போகத்தான் பார்த்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். புறங்கையில் கறுப்பு மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. சட்டைக் கைமடிப்பில் பழுப்பாக ஒரு கறை, காய்ந்தும் காயாமல்.

அந்தக் கை கூடை விளிம்பைத் தாண்டி வந்தது.

வேலாயி அதன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கிள்ளுகிற விரல்கள். அவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“என்னம்மா இது? கைய விடு! தொட்டா தேஞ்சா போயிடும்?”

“செத்துப் போயிரும் ஐயா. நாலு செத்துருச்சு. வர்ற வழியில இத ஒரு பொம்பளை உடுப்பெல்லாம் வீணாக்கிக்கிட்டுக் காப்பாத்திக் குடுத்திருக்கு. ஒங்களுக்குத் தொட ஆசைன்னு நான் விட மாட்டேன். விடவே மாட்டேன்.”

“நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?”

“இப்பத்தான் சொன்னீங்க ஐயா.”

சத்தம் கேட்டு யசோதா உள்ளிருந்து வந்தாள். வேலாயி பிடியை விட்டாள். டொக்டர் இரண்டு பேரையும் பார்த்தாள், பிறகு வீரசிங்கத்தின் கையைப் பார்த்தாள்.

“ஐயா, உங்கட நாய்க்கு இன்னும் இரத்தமாத்தான் போகுது. சேலைன் ஏத்தியிருக்கிறன், ராத்திரி தாண்டட்டும் பாப்பம். அந்தப் பக்கம் குழாயடியில மருந்துத் தண்ணி வச்சிருக்கு, கையை வடிவாக் கழுவிப்போட்டு வெளியில இருங்கோ. இந்தக் குட்டிக்குக் கிட்ட வராதேங்கோ.”

வீரசிங்கம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழாயடிக்கு நடந்தார். வேலாயிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்று சாகக் கிடக்கும்போது வெளியே உயிரோடு ஒன்றைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்திருக்கும். கறுப்பையாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பாவம் வேறு, கூடை வேறு. அவள் வாங்கில் உட்காராமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, கூடையை நெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊசி போடும்போது யசோதா கேட்டாள்.

“ஆரும் தொட்டவையோ?”

“ஓமுங்க. பஸ்ஸுல ரெண்டு பொடியன், எம் முதுகுக்குப் பின்னால. வீட்டுல நாய் இருக்காம். அப்புறம் ஒரு முஸ்லிம் பொம்பள. அந்தக் கை சுத்தம். ஆயுசுல நாய் தொடாத கை.”

டொக்டரின் உதட்டில் சிரிப்பு வந்து போனது. “அந்தக் கைக்குப் பயமில்லை. பொடியளின்ர கைக்குத்தான் சொல்லேலாது. முதல் ஊசி போட்டபடியா கொஞ்சம் தாங்கும். பத்து நாள் பாருங்கோ. சாப்பிடாம, வாந்தி சத்தி எடுத்தா உடன கொண்டு வாங்கோ.”

அந்தப் பத்து நாளும் வேலாயி விடிந்ததும் முதலில் பார்த்தது கங்காணியின் பீயைத்தான். கறுப்பையா நாலாம் நாள் வந்தான். கதவைச் சாத்தவில்லை. வாசலில் நின்றே, “தொட வேணாம் கறுப்பையா. ஒங் கைதான் அந்த நாலுக்கும் கொண்டு வந்துச்சு. நீ தெரிஞ்சு செய்யல. நானும் தடுக்கல,” என்றாள். அவன் முகம் கோணிப்போனது. வாசல் கல்லில் உட்கார்ந்தான். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, குட்டியைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போனான்.

பத்து நாள் தாண்டியது. குட்டி தின்றான், வளர்ந்தான், மூக்காயி காயப்போட்ட பாவாடையைக் கடித்தான். ஒரு சனிக்கிழமை இருட்டில் ஜன்னலைப் பார்த்து முதல் முறையாகக் குலைத்தான். பள்ளத்தில் என்னவோ உறுமிக்கொண்டு ஓடியது. வேலாயி தகரத்தை எடுக்கப் போய், வைத்துவிட்டு, திரும்பிப் படுத்தாள். நாலு மணி நேரம் தூங்கினாள்.

மூன்றாவது ஊசிக்கும் புதன்கிழமையாகவே பார்த்துத்தான் திகதி கேட்டிருந்தாள். இந்தத் தடவை கூடை முதுகில் போகவில்லை. கயிற்றைக் கழுத்தில் மாட்டி முன்னால் தொங்கவிட்டாள். பிடரி வலி அதனால் இரண்டு மடங்கானது. கூடைக்கு வெளியே ஒரு பையும் இருந்தது. அதில் இரண்டு பெரிய போத்தல் ஓடைத் தண்ணீர், ஒரு சவர்க்காரக் கட்டி, நாயும் கோழியும் போகாத மேட்டில் தோண்டிச் சலித்த மண் ஒரு பொட்டலம். அதைப் பார்த்து மூக்காயி, “கண்டியில மண்ணுக்குப் பஞ்சமாடி?” என்று கேட்டாள். “பஞ்சந்தான்,” என்றாள் வேலாயி.

பஸ்ஸில் மூன்று பேர் குட்டியைத் தொடக் கேட்டார்கள். மூன்று கையையும் பார்த்து மூன்று தரம் சொன்னாள். தெல்தெனியவில் எழுந்து நின்று ஏறுகிற முகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். துணி மூட்டையோடு ஒருவரும் ஏறவில்லை. வரும்போதும் குட்ஷெட்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். றமீஸா வரவில்லை. எந்தக் கடை, எந்த முதலாளி என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

தண்ணீரையும் மண்ணையும் தூக்கிக்கொண்டே அவள் மலை ஏறினாள். றமீஸா அந்த அபாயாவை எப்போதோ கழுவி உடுத்தியிருப்பாள். அது வேலாயியின் கணக்கைத் தீர்க்காது. ஆறு தண்ணீரும் ஒரு மண் தண்ணீருமாக ஏழு தண்ணி அவள் றமீஸாவுக்கு இன்னும் கடன்.